மாமாவுக்கு ஒரு துப்பாக்கி

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, காலை நிகழ்ச்சியை முடித்துவிட்டு வெளியே வந்தபோது கைப்பேசியில் மாமாவின் அழைப்பு மூன்று முறை தவறியிருந்தது. மெர்சிங்கிலிருந்து ஜெமாலுவாங் போகும் பக்கம் அவருக்கு நான்கு ஏக்கர் செம்பனை. பழைய மரங்களைச் சாய்த்துவிட்டுப் புதுக் கன்று வைத்து ஒரு வருடம்கூட ஆகவில்லை.

"இருபத்து மூணு கன்னும்மா. ஒரே ராத்திரி. குருத்தைத் தின்னுட்டு மட்டையை மட்டும் விட்டுட்டுப் போயிருக்கு."

காட்டுப்பன்றி. செம்பனைக் கன்றின் நடுக்குருத்து அதற்கு இனிப்புப் பண்டம் மாதிரி. குருத்து போனால் கன்று போனது. கன்று விலை, குழி தோண்டிய கூலி, போட்ட உரம் எல்லாவற்றையும்விடப் பெரிய நட்டம் காலம்தான். நட்ட செம்பனை முதல் குலை வெட்ட ஏறக்குறைய மூன்று வருடம் ஆகும். மாமாவுக்கு வயது அறுபத்தெட்டு.

அழுதுவிடுவார் போலிருந்தது. ஆனால் அவர் அழைத்தது அதற்காக அல்ல. "கடைத்தெருவுல ஒருத்தன் சொல்றான், லைசென்ஸ் வாங்கிக் கடையில துப்பாக்கி எடுக்கணும்னா அலைஞ்சே வயசு போயிடுமாம். அவனுக்குத் தெரிஞ்ச ஆளு ஒண்ணு செஞ்சு குடுப்பானாம். வானொலியில பேசற புள்ள நீ, சொல்லு. வாங்கறதா, செய்யறதா?"

உடனே "ஐயையோ மாமா" என்று கத்திவிட்டேன். ஆனால் ஏன் கூடாது என்று அவருக்குப் புரியும்படி சொல்ல எனக்கு இரண்டு நாள் படிப்பு தேவைப்பட்டது. தோட்டம், டுரியான், வாழை என்று கொஞ்சம் நிலம் வைத்திருக்கும் எந்தக் குடும்பத்திலும் இந்தக் கேள்வி எழலாம். அதனால்தான் இங்கே எழுதுகிறேன்.

செய்வது

நம் நாட்டில் சுடும் ஆயுதங்களைக் கட்டுப்படுத்துவது 1960ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம். உரிமம் இல்லாமல் ஆயுதம் வைத்திருந்தால் ஏழு ஆண்டு வரை சிறை, பத்தாயிரம் வெள்ளி வரை அபராதம், அல்லது இரண்டும். 1971இல் வந்த சுடும் ஆயுத (கூடுதல் தண்டனை) சட்டத்தின்கீழ் வழக்குப் போட்டால் பதினான்கு ஆண்டு வரை சிறையும் குறைந்தது ஆறு பிரம்படியும். உரிமமின்றித் தயாரிப்பது இன்னும் கடுமையான குற்றம். காற்றுத் துப்பாக்கியும் ஆயுதம்தான். துப்பாக்கியின் உதிரிப் பாகமும் ஆயுதம்தான். "பன்றிக்குத்தானே செஞ்சேன்" என்பது நீதிமன்றத்தில் எடுபடாது.

இந்த விஷயத்தில் நம் இனத்துக்கு ஒரு பழைய காயமே உண்டு. மலாயா கணபதி என்று நாம் சொல்லும் எஸ்.ஏ.கணபதி, மலாயாத் தொழிற்சங்கச் சம்மேளனத்தின் தலைவராக இருந்தவர். 1948இல் அவசரகாலம் பிரகடனமான பிறகு, துப்பாக்கி வைத்திருந்தார் என்ற குற்றத்துக்காக 1949 மே 4ஆம் தேதி புடு சிறையில் தூக்கிலிடப்பட்டார். அது அரசியல், அந்தக் காலம் வேறு. ஆனால் இந்த மண்ணில் உரிமமற்ற துப்பாக்கியை அரசாங்கம் ஒருநாளும் சாதாரணமாகப் பார்த்ததில்லை என்பதை அந்தத் தேதி ஞாபகப்படுத்துகிறது.

சட்டத்தை விடுங்கள், உடம்பைப் பார்ப்போம். சாதாரண பன்னிரண்டு போர் தோட்டா வெடிக்கும்போது குழலுக்குள் எழும் அழுத்தம், வீட்டுக் குழாயில் ஓடும் தண்ணீரின் அழுத்தத்தைப்போல் நூறு மடங்குக்கும் மேல். தொழிற்சாலையில் அதற்கென்றே தேர்ந்த எஃகில் கடைந்து, சோதித்துப் பார்த்துத்தான் குழலை வெளியே விடுகிறார்கள். பட்டறையில் கிடைத்த இரும்பில் செய்தது பத்து முறை சுட்டிருக்கலாம். பதினோராவது முறை அது வெடிக்கும்போது அதற்கு மிக அருகில் இருப்பது பன்றி அல்ல, சுடுகிறவரின் கன்னமும் விரல்களும்.

வாங்குவது

சட்டப்படி வாங்க வழி இருக்கிறது. பயிரைக் காக்க என்று காரணம் காட்டி மாவட்ட போலீஸ் தலைமையகத்தில் விண்ணப்பிக்கலாம். நிலப் பத்திரம் காட்ட வேண்டும். குற்றப் பின்னணி இருக்கிறதா என்று பார்ப்பார்கள். உரிமம் தரும் அதிகாரம் மாநில போலீஸ் தலைவருடையது. கிடைத்தால்தான் துப்பாக்கிக் கடைப் பக்கம் போக முடியும். கிடைத்தே தீரும் என்று யாரும் வாக்குக் கொடுக்க முடியாது.

நம்மூர்த் தோட்டங்களில் பார்ப்பது 'செனாப்பாங் பாத்தா', அதாவது நடுவில் மடித்துத் தோட்டா போடும் துப்பாக்கி. மாமா சினிமாவில் பார்த்த ரைபிளை நினைத்துக்கொண்டிருந்தார். இரண்டும் ஒன்றல்ல. செனாப்பாங் பாத்தா பல ஈயக் குண்டுகளைச் சிதறடிக்கும். முப்பது நாற்பது மீட்டருக்குள்தான் அதற்கு வேகம். வேட்டை ரைபிளின் ஒற்றைக் குண்டோ குறி தவறினால் கிலோமீட்டர் கணக்கில் பறக்கும். சுற்றிலும் வீடுகள், அதிகாலையில் மோட்டார் சைக்கிளில் வேலைக்குப் போகிறவர்கள் என்றிருக்கும் இடத்தில் அது எங்கே போய் இறங்கும்?

துப்பாக்கி வந்த பிறகும் வேலை முடிவதில்லை. பூட்டி வைக்க வேண்டும். குண்டுகளைத் தனியாகப் பூட்ட வேண்டும். உரிமத்தைத் தவறாமல் புதுப்பிக்க வேண்டும். வேறு யார் கையிலும் கொடுக்கக்கூடாது. துப்பாக்கி உரிமம் வேட்டை உரிமமும் ஆகாது. 2010ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் காட்டுப்பன்றியும் பாதுகாக்கப்பட்ட விலங்குதான். காட்டுக்குள் போய் வேட்டையாட பெர்ஹிலித்தானிடம் தனி உரிமம் வாங்க வேண்டும்.

மாமா கேட்டுக்கொண்டே இருந்தார். கடைசியில் அத்தைதான் பின்னாலிருந்து குரல் கொடுத்தார்: "பள்ளி லீவுக்குப் பேரப்புள்ளைங்க வந்து அலமாரி அலமாரியாத் திறக்குதுங்க. அது எங்கே இருக்கும்னு முதல்ல சொல்லச் சொல்லு."

மூன்றாவது கேள்வி

அப்போதுதான் புரிந்தது, கேள்வியே தவறு. மாமாவுக்கு வேண்டியது துப்பாக்கி அல்ல, கன்று.

காட்டுப்பன்றி நான்கு மாதத்துக்குள் ஈன்றுவிடும், ஒரு ஈற்றில் நான்கைந்து குட்டி சாதாரணம். இரவில் கூட்டமாக வரும். முழங்கால் வலியோடு ஒற்றை ஆள் விழித்திருந்து இரண்டைச் சுட்டால், மறுவாரம் வேறு கூட்டம் வரும். ஆனால் குருத்துக்கு ஆபத்து முதல் இரண்டு மூன்று வருடம்தான். அடிமரம் முற்றிவிட்டால் பன்றியால் அதிகம் செய்ய முடியாது. அந்தக் காலத்தைத் தாண்ட, கன்றைச் சுற்றிக் கம்பி வலை வளையம் போதும். அதை நிலத்தோடு ஆழமாக முளையடிக்க வேண்டும், இல்லாவிட்டால் மூக்கால் நெம்பிவிடும்.

மின்வேலி என்றால், விட்டுவிட்டு அதிர்ச்சி தரும் முறையான கருவியோடு போட வேண்டும். வீட்டு மின்சாரத்தை நேராகக் கம்பியில் இழுத்தால் செத்துக் கிடப்பது பக்கத்து வீட்டுக்காரராக இருக்கலாம். சுருக்குக் கம்பியும் வேண்டாம். அது பன்றிக்கும் புலிக்கும் வித்தியாசம் பார்க்காது. தேசியப் புலிக் கணக்கெடுப்பின்படி நாட்டில் 150க்கும் குறைவான மலாயாப் புலிகளே மிச்சம். எண்டாவ் ரொம்பின் காடு மெர்சிங் மாவட்டத்தைத் தொட்டுக்கொண்டுதான் இருக்கிறது. மான் குறைந்துவிட்ட காட்டில் புலிக்குப் பன்றிதான் சோறு.

அதையும் மீறிப் பன்றி வந்தால் பெர்ஹிலித்தானிடம் புகார் செய்யலாம். உரிமம் பெற்ற துப்பாக்கிக்காரர்கள் அந்த வட்டாரத்திலேயே இருப்பார்கள். எது முடியும், எது முடியாது என்பதை இலாகாவிடமே கேட்டு, முறைப்படி அவர்கள் உதவியைப் பெறலாம். அப்போது துப்பாக்கியும் பொறுப்பும் பழகியவர் கையில் இருக்கும்.

மாமா இப்போது வளையம் போட்டுக்கொண்டிருக்கிறார். ஒரு நாளைக்குப் பத்துக் கன்று. முழங்கால் அவ்வளவுதான் விடுகிறதாம். ஓரத்து வரிசையிலிருந்து, காட்டுப் பக்கம் முதலில். போலீஸ் நிலையத்துக்கும் ஒருமுறை போய் விவரம் கேட்டுவிட்டு வந்திருக்கிறார். ஆசை முழுசாக விடவில்லை. ஆனால் அந்தக் கடைத்தெரு ஆளிடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

நேற்று அழைத்தேன். புதிதாக வைத்த இருபத்து மூன்றில் இரண்டு மட்டும் போயிருக்கிறதாம்.

"வளையம் சரியா அடிக்கலம்மா. என் தப்புதான்" என்றார். குரலில் கோபம் இல்லை.