ஓட்டி வென்றவரும் ஒப்படைக்காத கோப்பையும்

பந்தயத்தில் முதலாவதாக வந்த ஒருவருடைய கோப்பை, அவர் மறைந்து முப்பது ஆண்டுகளுக்குப் பின்னரே அவர் குடும்பத்தாரின் கையை அடைந்தது. வெண்டல் ஸ்காட் என்னும் அமெரிக்க மோட்டார்ப் பந்தய வீரரின் வரலாறு இது.

கடையில் விற்கும் மோட்டார் காரின் தோற்றமுள்ள வண்டியை உள்ளே வலுப்படுத்தி, நீள்வட்டத் தடத்தில் நூற்றுக்கணக்கான சுற்றுகள் ஓட்டுவதே ஸ்டாக் கார்ப் பந்தயம். அதனை நடத்தும் நாஸ்கார் என்னும் சங்கம் 1948-ஆம் ஆண்டு தோன்றியது. தொடக்க கால வீரர்களில் சிலர், கள்ளச்சாராயம் ஏற்றிக்கொண்டு போலீசாருக்கு அகப்படாமல் ஓடியே வேகம் பயின்றவர்கள். ஸ்காட்டும் அவர்களுள் ஒருவர்.

அவர் 1921-இல் வர்ஜீனியா மாநிலத்து டான்வில் நகரில், கறுப்பினக் குடும்பத்தில் பிறந்தார். இரண்டாம் உலகப் போரில் இராணுவத்தில் பணியாற்றித் திரும்பியபின் வாடகைக் கார் ஓட்டினார்; மோட்டார்ப் பட்டறையும் நடத்தினார். 1952-இல் உள்ளூர்ப் பந்தயம் நடத்தியோர், கறுப்பினத்தவர் ஒருவர் ஓட்டினால் கூட்டம் பெருகும் என்று கருதி, விரைந்து ஓட்டவல்லவர் யார் என்று போலீசாரையே வினவினர். அவர்கள் சொன்ன பெயர் ஸ்காட். வேடிக்கைப் பொருளாக அழைக்கப்பட்டவர், வீரராக நிலைத்துவிட்டார்.

1961-இல் நாஸ்காரின் முதல்தரப் பந்தயங்களில் புகுந்தார். கம்பெனிகளின் பண உதவி அவருக்கு இல்லை. பழைய வண்டியும் பழைய உறுப்புகளுமே கிட்டின, புதல்வர்களே உதவியாளர். சில களங்களில் அவருக்கு நுழைவே மறுக்கப்பட்டது. காண வந்தோரில் பலர் ஏளனக் கூச்சல் எழுப்பினர். எனினும் அவர் ஓட்டுவதை நிறுத்தவில்லை.

1963 டிசம்பர் 1-ஆம் தேதி, புளோரிடா மாநிலத்து ஜாக்ஸன்வில் நகரின் அரைமைல் மண்தடத்தில் 200 சுற்றுப் பந்தயம் நடந்தது. நெட் ஜாரெட் என்ற வீரரிடமிருந்து வாங்கிய செவர்லே வண்டியில் ஸ்காட் ஓட்டினார். இருபத்தைந்து சுற்றுகள் எஞ்சியிருக்கையில் புகழ்பெற்ற ரிச்சர்டு பெட்டியை முந்தினார். அவர் 200 சுற்றுகளை முடித்தும் வெற்றிக் கொடி அசையவில்லை. ஆகவே அவர் மேலும் ஓடினார். இரண்டு சுற்றுகள் பின்தங்கி வந்த பக் பேக்கரே வென்றவர் என்று அறிவித்துக் கோப்பையை அவரிடம் அளித்தனர்.

ஸ்காட் முறையிட்டார். ஏறக்குறைய இரண்டு மணி நேரம் கழித்து, எண்ணிக்கையில் பிழை நேர்ந்ததாகக் கூறி, வெற்றி அவருடையதே என்று அதிகாரிகள் ஒப்புக்கொண்டனர். அதற்குள் கூட்டம் கலைந்துவிட்டது. பரிசளிப்பின்போது வெள்ளையின மங்கை வெற்றி வீரரை முத்தமிடும் வழக்கம் இருந்தது. அக்காட்சியைத் தவிர்க்கவே தம்மை அறிவிக்கவில்லை என்று ஸ்காட் கருதினார்.

சுற்றுகளைக் கையால் எண்ணிக் குறித்த காலம் அது. நாள்தோறும் பதிவேடு எழுதும் எனக்கு, எண்ணிக்கை பிழைபடக் கூடும் என்பது தெரியாததன்று. ஆனால் பிழையைப் பலர் அறியச் செய்துவிட்டுத் திருத்தத்தை ஆளற்ற திடலில் செய்வது எவ்வகை நேர்மை? ஏட்டில் வெற்றி ஏறியது; மானம் ஏறவில்லை.

1966-இல் ஆண்டுப் புள்ளி வரிசையில் ஆறாம் இடம் பெற்றார். 1973-இல் டாலடேகா களத்தில் நேர்ந்த பெரும் மோதலில் கடுங்காயமுற்றார். அத்துடன் அவர் பந்தய வாழ்வு ஏறக்குறைய முடிவுற்றது. மொத்தம் 495 முதல்தரப் பந்தயங்கள். வெற்றி அந்த ஒன்றே. 1990-இல் காலமானார். 2015-இல் நாஸ்காரின் புகழ் மண்டபத்தில் அவர் பெயர் இடம்பெற்றது. கோப்பையோ 2021 ஆகஸ்டில்தான் குடும்பத்தாருக்கு வழங்கப்பட்டது.

அதே ஆண்டு அக்டோபரில், ஸ்காட் காயமுற்ற அதே டாலடேகாவில், பப்பா வாலஸ் என்னும் கறுப்பின வீரர் முதல்தரப் பந்தயம் ஒன்றை வென்றார். ஸ்காட்டுக்குப் பின் அவ்வெற்றியைப் பெற்ற முதல் கறுப்பினத்தவர் அவரே. அவருடைய வெற்றி பலர் அறிய அறிவிக்கப்பட்டது.