கழிவறையில் நீர் தயங்குவது ஏன்?

பழைய வீடுகளில் கழிவறை ஒரே நாளில் அடைத்துக்கொள்வது அரிது. முதலில் நீர் சற்றுத் தயங்கும். தொட்டியை இரண்டாம் முறை திறந்துவிட்டால் போய்விடும். சில மாதங்கள் சென்றபின், விளிம்புவரை ஏறி நின்று வெகு நேரம் கழித்தே இறங்கும். இந்தக் கட்டத்தில் வீட்டார் பெரும்பாலும் இரண்டில் ஒன்றைச் செய்கின்றனர். கடையில் விற்கும் அமிலத்தையோ காரத்தையோ புட்டி புட்டியாக ஊற்றுகின்றனர். அல்லது ஆளை அழைத்துத் தரையை உடைத்துப் புதுக் கலம் வைக்கச் சொல்லுகின்றனர். நோய் எந்த உறுப்பில் என்று பாராமலே கத்தியை எடுப்பது போன்றது இது. பழுது தொட்டியில் இருக்க, உடைபடுவது தரையாக இருப்பதும் உண்டு.

பழுதின் இடத்தைக் காட்டித்தர ஒரு வாளித் தண்ணீர் போதும். அது எப்படி என்பதை அறியக் கலத்தின் அமைப்பை முதலில் பார்க்க வேண்டும்.

பீங்கான் கலத்தின் அடியிலிருந்து செல்லும் வழி நேரே கீழே இறங்குவதில்லை. அது முதலில் மேல்நோக்கி வளைந்து, ஒரு மேட்டைக் கடந்து, பிறகுதான் கீழ்க்குழாயில் விழுகிறது. அவ்வளைவில் எப்பொழுதும் நீர் நிற்கும். குழாயின் கெட்ட காற்று வீட்டுக்குள் வராமல் தடுப்பது அந்த நீர்ப்பூட்டே. இவ்வளைவை அமைத்து 1775இல் காப்புரிமை பெற்ற அலெக்சாண்டர் கம்மிங் என்பவர் குழாய்த் தொழிலாளி அல்லர். இலண்டனில் கடிகாரம் செய்தவர். இரண்டரை நூற்றாண்டுகளாகியும் அவருடைய வளைவுக்குச் சிறந்த மாற்று இன்னும் வரவில்லை.

வளைவின் மேடு ஓர் அணை போன்றது. கலத்தில் ஒரு குவளை நீரை மெல்ல ஊற்றினால், அதே அளவு நீர் மேட்டைத் தாண்டி மறுபுறம் வழிந்துவிடும். கலத்தின் நீர்மட்டம் உயராது. ஆனால் மெல்ல வழியும் நீர் கழிவை இழுத்துச் செல்லாது. திரளான நீர் ஒரே மூச்சில் வந்து மோதினால்தான் கழிவு மேட்டைத் தாண்டும். ஆகவே கலம் செவ்வனே இயங்க இரண்டு வேண்டும்: வழி திறந்திருக்க வேண்டும், நீர் வேகமாக வர வேண்டும். எது குறைந்தாலும், ‘சரியாகப் போகவில்லை’ என்றே வீட்டார் சொல்லுவர்.

இவ்விரண்டையும் பிரித்தறிவதே வாளியின் வேலை. முதலில் குவளை குவளையாக மெல்ல ஊற்றிப் பார்க்க வேண்டும். அப்பொழுதே மட்டம் உயர்ந்தால் வழியில் பெரிய அடைப்பு இருக்கிறது, மேற்கொண்டு ஊற்றலாகாது. மட்டம் உயராவிட்டால், சுமார் 9 லிட்டர் நீரை முழங்கால் உயரத்திலிருந்து இரண்டு மூன்று விநாடிக்குள் ஊற்ற வேண்டும். எல்லாம் ‘குபுக்’கென்று இறங்கிவிட்டால் வழியில் குறையில்லை, குறை தொட்டியிலோ விளிம்பிலோதான். ஏறி நின்று மெல்ல இறங்கினால், வழி பாதி அடைபட்டிருக்கிறது.

தொட்டியின் பழுதே மிக எளியது. மூடியைத் திறந்தவுடன் பாதி விளங்கிவிடும். நீர்மட்டம் வழிகுழாயின் வாய்க்குச் சுமார் ஓர் அங்குலம் கீழே நிற்க வேண்டும்; அதற்கும் வெகுவாகத் தாழ்ந்திருந்தால் மிதவையைச் சற்று உயர்த்திவைத்தால் போதும். தண்ணீர்ச் சிக்கனத்திற்காக யாரோ என்றோ உள்ளே போட்ட புட்டியோ செங்கல்லோ கிடந்தால் அதை எடுத்துவிட வேண்டும். பழைய தொட்டிகளில் கைப்பிடியை இழுத்தவுடன் நீரை மேலே தூக்கிவிடும் மெல்லிய தகடு ஒன்று உண்டு. அது கிழிந்திருந்தால் இரண்டு மூன்று முறை இழுத்தால்தான் நீர் வரும். தகட்டின் விலை சொற்பம்.

இவ்விடத்தில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பழைய கலங்கள் 9 லிட்டர் நீருக்கென வார்க்கப்பட்டவை. இன்றைய தொட்டிகளோ அதில் பாதியளவு நீரே விடுகின்றன. சிங்கப்பூரில் புது வீடுகளுக்கும் புதுப்பிக்கப்படும் வீடுகளுக்கும் இரு பொத்தான்கள் கொண்ட சிக்கனத் தொட்டி 2009 முதல் கட்டாயமாயிற்று. சிக்கனம் நல்லதே. ஆனால் கலத்தை அப்படியே விட்டுத் தொட்டியை மட்டும் மாற்றிய வீடுகளில், நீர் போதாமையால் கழிவு வளைவிலேயே நின்றுவிடுவதுண்டு. அங்கே எந்த மருந்தை ஊற்றியும் பயனில்லை. கலமும் தொட்டியும் ஒன்றற்கொன்று பொருந்தியவையாக இருக்க வேண்டும்.

தொட்டியில் நீர் நிறைய இருந்தும் கலத்தில் வேகமில்லையென்றால் விளிம்பின் அடிப்புறத்தை ஒரு சிறு கண்ணாடி கொண்டு பார்க்கலாம். நீர் வரும் துளைகளையும் பிளவையும் மஞ்சட்பழுப்பான உப்புப் படிவு மூடியிருக்கும். சிறுநீரிலுள்ள யூரியா சிதைந்து அம்மோனியா ஆகும்போது, நீரிலும் சிறுநீரிலும் கரைந்திருந்த சுண்ணாம்பு உப்புகள் கல்லாய்ப் படிகின்றன. வளைவின் உட்சுவரிலும் இதே படிவுதான் ஆண்டுக்காண்டு தடித்து, மூன்றங்குல வழியைக் குறுக்கிவிடுகிறது. இதற்குக் காடி அல்லது எலுமிச்சை உப்பு போதும். துணியை அதில் நனைத்து விளிம்பின் கீழ்ச் செருகி ஓரிரவு விட்டு, மறுநாள் பழைய பல்துலக்கியால் தேய்க்க வேண்டும். ஒரு முறையில் தீராது. நான்கைந்து முறை செய்யப் பொறுமை வேண்டும்.

வழியில்தான் அடைப்பு என்று தெரிந்தால், ரப்பர்க் கிண்ணம் பொருத்திய தடியே முதற்கருவி. கிண்ணம் நீருக்குள் முழுவதும் மூழ்கியிருக்க வேண்டும். உள்ளே காற்றிருந்தால் அழுத்தம் காற்றிலேயே வீணாகும். மெல்ல அழுத்தி, வெடுக்கென்று இழுக்க வேண்டும். தள்ளுவதைக் காட்டிலும் இழுப்பதே அடைப்பைக் குலைக்கும். பதினைந்து இருபது முறை செய்தும் அசையாவிட்டால் சுருள்கம்பியைச் சுழற்றிச் சுழற்றி உள்ளே விட வேண்டும். நீர் போகிறது, ஆனால் தாள் மட்டும் திரும்பி வருகிறது என்றால், வளைவில் கடினமான பொருளொன்று குறுக்கே கிடக்கிறது எனலாம். எண்ணெய்ப் புட்டியின் மூடி, பல்துலக்கி, குழந்தையின் விளையாட்டுப் பொருள் ஆகியவை இப்படிச் சிக்குபவை. அதைத் தள்ளாமல் கொக்கியால் வெளியே இழுப்பதே நலம். நீரில் கரையாத ஈரத்துடைப்புத் தாளும் இக்காலத்தில் இப்பட்டியலில் சேர்ந்துவிட்டது.

கடைமருந்துகளைப் பற்றி ஒரு சொல். எரிகாரம் நீரில் கலக்கும்போது கொதிக்கும் அளவுக்குச் சூடேறும். பழைய பீங்கான் வெடிக்கலாம். அதை ஊற்றிய கலத்தில் ரப்பர்க் கிண்ணத்தை இறக்கினால், தெறிக்கும் துளி கண்ணைக் கெடுத்துவிடும். கடும் அமிலமோ பழைய சிமெண்டு இணைப்புகளை அரித்துவிடும். எல்லாவற்றிலும் கொடியது, ஒன்று பலிக்கவில்லையென்று மற்றொன்றை ஊற்றுவது. வெளுப்பு நீரும் அமிலமும் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும். முதல் உலகப் போரில், 1915இல், ஈப்பர் களத்தில் படைவீரர்மீது ஏவப்பட்டது இதே வாயுதான். சன்னல் சிறிதாயுள்ள கழிவறையில் அது வெளியேற வழியில்லை. சுருங்கிய படிவைக் காடியும், கொழுப்பான அடைப்பைக் கைபொறுக்கும் சூட்டில் சோப்பு நீரும் மெல்லக் கரைக்கும். அதற்கு மேல் வேண்டியதைக் கருவி செய்யட்டும்.

இவ்வளவுக்கும் அடங்காத அடைப்பு கலத்தைத் தாண்டிய இடத்தில் இருக்கிறது. தொட்டியைத் திறந்துவிடும்போது குளியலறைத் தரைவாயில் நீர் கொப்பளித்தால் அதில் ஐயமில்லை. அடுக்குமாடியில் மேல்வீட்டாருக்கும் கீழ்வீட்டாருக்கும் அதே தொல்லை இருக்கிறதா என்று கேட்டறிய வேண்டும். இருந்தால் அது பொதுக்குழாயின் பழுது. சிங்கப்பூரில் நகர மன்றத்திடம் தெரிவிக்க வேண்டியது. தனியொரு வீட்டார் அதற்குக் காசு செலவழிப்பது வீண்.

மலேசியாவின் பழைய வரிசை வீடுகளில் வெளியே உள்ள ஆய்வுக்குழியின் மூடியைத் திறந்து பார்ப்பது பயன் தரும். குழியில் நீர் தேங்கியிருந்தால் அடைப்பு குழிக்கு அப்பால். குழி வறண்டிருக்க உள்ளே கலம் நிரம்பினால், அடைப்பு இரண்டிற்கும் இடையே. மண்குழாய்களின் இணைப்புகளில் மரவேர் நுழைந்து வலைபோல் பரவியிருப்பது இங்கே அடிக்கடி காணப்படுவது. குழிக்குள் தலையை நீட்டுவதோ தீக்குச்சி கிழிப்பதோ கூடாது. கழிவுத்தொட்டி வைத்த வீடாயின், கசடு கடைசியாக எப்பொழுது எடுக்கப்பட்டது என்று பார்க்க வேண்டும். ஈராண்டுக்கு ஒரு முறை எடுக்க வேண்டும் என்பதே அங்குள்ள பொது அறிவுரை. மழைநாளில் மட்டும் கலம் தயங்குகிறதென்றால் பெரும்பாலும் அத்தொட்டியோ அதன் வெளிவாயோதான் காரணம்.

இன்னும் ஓர் இடம் உண்டு, பலர் நினையாதது. கழிவுக்குழாயின் ஒரு முனை கூரைக்கு மேலே திறந்திருக்கும். நீர் கீழே பாயும்போது அதன் பின்னே காற்று நுழைய வேண்டியது அவ்வழியாகத்தான். அதில் இலையோ பறவைக்கூடோ அடைத்துக்கொண்டால், காற்றின்றி நீர் தயங்கித் தயங்கி இறங்கும். கலத்தில் ‘களக் களக்’ என்று ஒலி எழும். பக்கத்துத் தரைவாயின் நீர்ப்பூட்டு உறிஞ்சப்பட்டு நாற்றமும் வரும். இம்மூன்றும் சேர்ந்திருந்தால் கலத்தைத் தொட வேண்டுவதில்லை. ஓடு காய்ந்திருக்கும் நாளில், ஏறத் தெரிந்த ஒருவரைக் கொண்டு கூரைமுனையைப் பார்க்கச் சொல்ல வேண்டும்.