போர்டன் வீட்டில் ஓர் இரவு

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ஃபால் ரிவர் என்றொரு பழைய பஞ்சாலை நகரம் இருக்கிறது. அங்கே 1845-இல் இரண்டு குடித்தனங்களுக்காகக் கட்டப்பட்ட ஒரு மர வீட்டை ஆண்ட்ரூ போர்டன் என்பவர் வாங்கினார். நல்ல வசதிக்காரர், ஆனால் சிக்கனத்துக்குப் பேர்போனவர்.

1892 ஆகஸ்ட் 4 காலை. கீழ்த்தளத்து சோபாவில் ஆண்ட்ரூவும், மாடியில் விருந்தினர் அறையில் அவருடைய இரண்டாம் மனைவி ஆபியும் வெட்டுண்டு இறந்து கிடந்தார்கள். ஆயுதம் கைக்கோடாலி என்றது போலீஸ். மூத்த தாரத்து மகள் லிஸ்ஸி கைதானார். மறு ஆண்டு ஜூனில் வழக்கு நடந்தது. ஜூரிகள் ஏறத்தாழ ஒன்றரை மணி நேரமே கூடிப் பேசி, குற்றவாளி அல்ல என்று தீர்ப்புச் சொன்னார்கள். அதன்பின் வேறு யார் மீதும் வழக்குப் போடவே இல்லை.

லிஸ்ஸி ஊரை விட்டுப் போகவில்லை. அக்கா எம்மாவுடன் அதே ஊரில் பெரிய வீடு ஒன்றுக்குக் குடிபெயர்ந்தார். 1927-இல் இறக்கும்வரை ஊராரின் சந்தேகப் பார்வை அவரை விடவில்லை. நீதிமன்றம் விடுவித்த ஒருவருக்கு இது பெரிய கொடுமைதான்.

பழைய வீடு 1996-இல் தங்கும் விடுதியானது. இரவு தங்கலாம், காலை உணவும் உண்டு. பகலில் அருங்காட்சியகமாகச் சுற்றிப் பார்க்கலாம். ஆபி இறந்துகிடந்த அந்த மாடி அறையிலும் விருந்தினர்கள் படுத்துறங்குகிறார்கள்!