வடசென்னை உழைப்பாளரும் கட்டு வைத்தியமும்

புத்தூர் என்னும் பெயருடைய ஊர்கள் பல உள. அவற்றுள் ஒன்று, சென்னையினின்று திருப்பதிக்குச் செல்லும் நெறியில், திருத்தணிக்கு வடக்கே ஆந்திர எல்லைக்குள் உள்ளது. இராயபுரத்திலோ திருவொற்றியூரிலோ கைமுறிந்த ஒருவன், 'புத்தூர்க் கட்டுப் போட்டிருக்கிறேன்' என்பானாயின், அவன் அவ்வூர்க்குச் சென்று வந்தான் எனக் கொள்ள வேண்டுவதில்லை. தன் தெருவையடுத்த கட்டு வைத்தியரிடம் சென்றிருப்பான். ஊர்ப்பெயர் ஒரு மருத்துவ முறைக்கே பெயராகிவிட்டது.

பச்சிலைச் சாந்தும் முட்டை வெண்கருவும் பூசி, மூங்கில் தப்பைகளை வைத்துத் துணியால் இறுகச் சுற்றுதல் இம்முறையாகும். முறிவுக்குக் கட்டு, சுளுக்குக்கு நீவுதல். கால் முன்வரப் பிறந்தோர் நீவினால் சுளுக்கு விடும் என்னும் நம்பிக்கையும் உண்டு. அமெரிக்க ஐக்கிய நாடுகளின் பண்ணைகளில் கூலி வேலை செய்யும் மெக்சிகோ மக்களும், முதுகு பிடித்துக்கொண்டால் 'சொபதோர்' என்பாரை நாடுவர். நீவுபவர் என்பதே அச்சொல்லின் பொருள். தொலைவிலுள்ள இரு மொழிகளும் செய்தொழிலைக் கொண்டே இவரைச் சுட்டுதல் காண்க.

மருத்துவமனை இன்மையால் மக்கள் இவரை நாடுகின்றனர் என்பது வடசென்னைக்குப் பொருந்தாது. 1782 இல் பஞ்சத்துக்குக் கஞ்சி வார்த்த மணியக்காரர் சத்திரத்தினின்று வளர்ந்த ஸ்டான்லி மருத்துவமனை அருகிலேயே உள்ளது. முதியோர் அதனைக் கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி என்பர். ஆங்குக் கட்டணமும் இல்லை. எனினும், நாட்கூலி பெறுவோனுக்குக் காத்திருக்கும் பகலெல்லாம் இழப்பே. வள்ளுவர் மருத்துவத்துக்குக் கூறிய நான்கு உறுப்புகளுள் நோயாளியின் பக்கலில் இருந்து பணிபுரிவோனும் ஒருவன். ஒடிசாவினின்றும் பீகாரினின்றும் எண்ணூர்க்குத் தனியே வந்து உழைப்பவனுக்கு அந்நான்காமவன் யாண்டுளன்? உடன் தங்கி உணவு வாங்கித் தருபவன் தன் கூலியை இழக்க வேண்டும். கட்டு வைத்தியரோ அன்றே கட்டி அன்றே அனுப்பிவிடுகிறார். கால் எடுக்க நேருமோ என்னும் அச்சமும் உடன் சேர்கின்றது. ஆகவே இதனை அறியாமை என்று தள்ளிவிடுதல் ஆராய்ச்சியாகாது. இஃது ஓர் ஏழையின் கணக்கு.

அக்கணக்குப் பிழைக்கும் இடமும் உண்டு. முறிந்த உறுப்பு வீங்கும், கட்டோ நெகிழாது. குருதியோட்டம் தடைப்பட்டால் சில மணி நேரத்திலேயே தசை கெடும். பின்னர் அழுகி, உறுப்பையே வெட்டியெடுக்கவும் நேரும். எந்த உறுப்பு போய்விடும் என்று அஞ்சி மருத்துவமனையை விலக்கினானோ, அவ்வுறுப்பே கட்டினால் போவதுண்டு. முழங்கை முறிந்த சிறுவர்க்கு இவ்விடர் மிகுதி. எலும்பு தோலைக் கிழித்து வெளிவந்த முறிவில் இக்கட்டு ஒருபோதும் ஆகாது.

இங்கே தமிழ் கற்றார்க்கும் ஒரு பணி உள்ளது. மருத்துவக் குறிப்புகளில் 'உணர்விழப்பு', 'குருதித்தடை' என அச்சிடுகின்றோம். துறைமுகத் தொழிலாளி, 'விரல் மரத்துப்போச்சு', 'சில்லுன்னு இருக்கு', 'கட்டு தெறிக்குது' என்றே கூறுவான். கட்டை உடனே தளர்த்தி மருத்துவமனைக்கு விரையவேண்டிய அடையாளங்கள் இவையே. வடசென்னைத் தமிழிலும் தெலுங்கிலும் ஒடியாவிலும் இத்தகைய நோவுச் சொற்களைத் தொகுத்தால், அவற்றைக் கொண்டே குறிப்பெழுதிக் கட்டு வைத்தியர் கடை வாயில்களிலும் தொழிலாளர் தங்கும் இடங்களிலும் ஒட்டலாம். முதுகலை மாணவர் ஓரிருவர் ஒரு பருவத்தில் முடிக்கத்தக்க வேலை இது.