கையெழுத்து இல்லாத கடிதம்

1928 செப்டம்பர் 6 எனத் தேதியிட்ட ஒரு கடிதம். தட்டச்சு செய்தது. தேடினாலும் ஒரு பிழை கிடைக்காது. அதுவரை நெருக்கியடித்த, பழைய பாணிக் கையெழுத்தில் எழுதிவந்த மனிதர் திடீரென்று மெஷினுக்கு மாறியிருக்கிறார். கையொப்பம் இருக்க வேண்டிய இடத்திலும் பெயர் தட்டச்சிலேயே இருக்கிறது. கடிதத்தைப் பெற்றவர் இதையெல்லாம் கவனிக்கிறார். புதிதாகத் தட்டச்சு பழகுகிறவர்கள் பெயரையும் அப்படியே அடித்துவிடுவது வழக்கம்தானே என்று சமாதானம் சொல்லிக்கொள்கிறார். பழகுகிறவருக்கு இத்தனை சுத்தமாக அடிக்க வருமா என்ற கேள்வியும் எழுகிறது. கல்லூரி நாட்களில் பழகியிருப்பார் என்று அதற்கும் ஒரு பதில் கண்டுபிடிக்கிறார். பிறகு ரயிலேறிப் புறப்படுகிறார்.

எச்.பி. லவ்கிராஃப்ட் எழுதிய 'தி விஸ்பரர் இன் டார்க்னஸ்' கதையில் என்னை உறையவைத்த இடம் இது. இருளில் கிசுகிசுப்பவன் என்று தலைப்பைத் தமிழில் சொல்லலாம். வேற்றுக்கிரகவாசிகள் நிறைந்த கதை. ஐந்தடி நீளத்தில், இளஞ்சிவப்பு நிறத்தில், நண்டு போன்ற ஓட்டுடலும் சவ்வுச் சிறகுகளும் தலைக்குப் பதிலாகச் சிறு உணர்கொம்புகள் மொய்த்த ஒரு முண்டும் கொண்ட உயிர்கள். ஆனால் இரண்டாம் முறை பென்சிலோடு உட்கார்ந்து வாசித்தபோது நான் கோடிட்ட இடங்களில் அந்த நண்டுகள் அநேகமாக இல்லை. கடிதங்கள், தந்தி, ஒலித்தட்டு, கையொப்பம் இவைதான் இருந்தன.

கதை ஒரு நிஜ வெள்ளத்தில் தொடங்குகிறது. 1927 நவம்பர் தொடக்கத்தில் அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தை ஒரு பெருவெள்ளம் அடித்துச் சென்றது. 84 பேர் இறந்தார்கள். அவர்களில் மாநிலத்தின் துணை ஆளுநரும் ஒருவர். ஆயிரத்துக்கும் மேற்பட்ட பாலங்கள் போயின. அந்த நீரில் விசித்திர உடல்கள் மிதந்து வந்ததாக மக்கள் பேசிக்கொண்டார்கள் என்று லவ்கிராஃப்ட் தன் கற்பனையைச் சேர்க்கிறார். ஆல்பர்ட் வில்மார்த் என்ற இலக்கிய ஆசிரியர், நாட்டார் வழக்குகளில் ஈடுபாடு கொண்டவர், இதெல்லாம் பழைய கட்டுக்கதை என்று பத்திரிகையில் எழுதுகிறார். மலைப்பக்கத்துப் பண்ணைவீட்டில் தனியாக வாழும் ஹென்றி ஏக்லி என்ற படித்த மனிதர் அவருக்குக் கடிதம் போடுகிறார். நீங்கள் நினைப்பது தவறு, அவை இருக்கின்றன, என்னிடம் சான்று இருக்கிறது என்கிறார். புகைப்படங்கள் வருகின்றன. 1915-இல் காட்டுக் குகை வாயிலில் பதிவான ஒலித்தட்டு வருகிறது. அதில் ஒரு மனிதக் குரலும், மனிதப் பேச்சைப் போலி செய்யும் வண்டின் ரீங்காரம் போன்ற ஒரு குரலும் மாறிமாறி மந்திரம் ஓதுகின்றன. அப்புறம் ஏக்லியின் நாய்கள் ஒவ்வொன்றாகச் சாகின்றன. தொலைபேசிக் கம்பி அறுபடுகிறது. கடிதங்களில் கை நடுங்கத் தொடங்குகிறது.

அந்த நடுக்கத்தின் உச்சத்தில்தான் தட்டச்சுக் கடிதம் வருகிறது. எல்லாம் சரியாகிவிட்டது என்கிறது. நான்தான் அவர்களைத் தவறாகப் புரிந்துகொண்டேன், அவர்கள் நல்லவர்கள், மனிதன் கனவிலும் காணாத வெளிகளை எனக்குக் காட்டப்போகிறார்கள், நீங்களும் வாருங்கள் என்கிறது. வரும்போது ஒலித்தட்டையும் படங்களையும் நான் எழுதிய எல்லாக் கடிதங்களையும் மறக்காமல் எடுத்துவாருங்கள் என்றும் கேட்கிறது.

எல்லாக் கடிதங்களையும். இந்தச் சொற்களை முதல் வாசிப்பில் நான் கடந்துபோய்விட்டேன். இப்போது அங்கே வந்தால் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு எழுந்து நடக்கத் தோன்றுகிறது. ஏக்லி என்ற மனிதர் உலகில் விட்டுவைத்த அடையாளம் அந்தக் கடிதங்கள்தாம். அவற்றையும் திருப்பிக் கேட்கிறார்கள்.

இந்த வில்மார்த் இவ்வளவு மந்தமா என்று குறைப்படும் வாசகர்கள் உண்டு. எனக்கு அந்தக் குறை இல்லை. கையெழுத்தைப் பார்த்த மாத்திரத்தில் எழுதியவர் யாரென்று தெரிந்துவிடும் காலத்தில் வளர்ந்தவர்களுக்கு வில்மார்த்தின் மனம் புரியும். நமக்கு வேண்டியவரின் கடிதத்தில் ஏதோ சரியில்லை என்றால் உடனே சந்தேகப்பட மாட்டோம். உடம்பு சரியில்லையோ, அவசரமாக எழுதினாரோ என்று அவருக்காக நாமே காரணம் தேடுவோம். பாசத்தில் செய்கிற காரியம் அது. அந்தப் பாசத்தைத்தான் அந்த உயிர்கள் வாசலாகப் பயன்படுத்துகின்றன.

அதற்கு முன்பே ஓர் எச்சரிக்கை வந்திருந்தது. உதவிக்கு வரட்டுமா என்று வில்மார்த் கேட்டதற்கு, வேண்டாம் என்று ஒரு தந்தி வருகிறது. அதில் ஏக்லியின் பெயரில் ஓர் எழுத்து குறைகிறது. தான் அந்தத் தந்தியை அனுப்பவே இல்லை என்று ஏக்லி பிறகு எழுதுகிறார். சொந்தப் பெயரை யாரும் தப்பாக எழுத மாட்டார்கள். அந்த ஒற்றை எழுத்தில் மாட்டிக்கொண்டவர்கள் அடுத்த முறை கற்றுக்கொள்கிறார்கள். தட்டச்சுக் கடிதத்தில் பெயர் சரியாக இருக்கிறது. நடையும் கிட்டத்தட்ட ஏக்லியின் நடைதான். இன்னும் கைவராதது கையெழுத்து ஒன்றே, அதனால்தான் மெஷின்.

இப்படி ஒரு பயத்தை எழுத லவ்கிராஃப்டைத் தவிர இன்னொருவருக்கு வாய்த்திருக்குமா என்று தெரியவில்லை. 1890-இல் பிராவிடன்ஸ் நகரில் பிறந்து 1937-இல் 46 வயதில் இறந்த அவர் கதைகள் எழுதிய நேரத்தைவிடக் கடிதங்கள் எழுதிய நேரமே அதிகம். ஆயுளில் எழுதிய கடிதங்களின் எண்ணிக்கையைப் பல பத்தாயிரங்களில் கணக்கிடுகிறார்கள். கலிபோர்னியாவில் இருந்த கவிஞர் கிளார்க் ஆஷ்டன் ஸ்மித்தோடு 1922 முதல் சாகும்வரை கடிதத் தொடர்பு இருந்தது. இருவரும் ஒருமுறைகூட நேரில் பார்த்துக்கொண்டதில்லை. டெக்சாஸில் இருந்த ராபர்ட் ஈ. ஹோவர்டோடு நட்பு தொடங்கியது 1930-இல். அவரையும் பார்த்ததில்லை. இந்தக் கதையை லவ்கிராஃப்ட் எழுதியதும் அதே 1930-இல்தான். முகம் பார்க்காத நண்பர்களை அவர்கள் எழுதிய கடிதங்களைக் கொண்டே அறிந்தவர் அவர். தபாலில் வருவது நண்பர்தானா என்ற கேள்வி அவருக்கு வெறும் கதைக்கரு அல்ல, வாழ்க்கை முழுவதும் நின்றிருந்த தரையே ஆட்டம் காண்கிற கேள்வி.

இடமும் அவர் கால்பட்ட இடம். 1927-இலும் 1928-இலும் வெர்மான்ட்டுக்குப் போயிருக்கிறார். இரண்டாம் முறை பிராட்டில்பரோ அருகில் நண்பர் ஒருவரின் பண்ணைவீட்டில் தங்கினார். அந்தப் பக்கத்தில் பெர்ட் ஏக்லி என்ற, தானாகவே ஓவியமும் புகைப்படக்கலையும் கற்ற விவசாயியைச் சந்தித்தார். அந்தப் பெயரின் ஆங்கில வடிவத்தோடு ஓர் எழுத்தைக் கூட்டித் தன் நாயகனுக்குச் சூட்டினார். கதைக்குள் வரும் பொய்த் தந்தி ஓர் எழுத்தைக் குறைக்கிறது என்பதை நினைத்துப் பாருங்கள்.

கதையில் அந்த உயிர்களின் புறக்காவல் நிலையம் யுக்கோத் என்ற கிரகம். நெப்டியூனுக்கு அப்பால், சூரியக் குடும்பத்தின் விளிம்பில், இருட்டில் இருப்பது. இந்தப் பெயரை லவ்கிராஃப்ட் 1929 டிசம்பர் கடைசியில் தொடங்கிய ஒரு கவிதைத் தொடரிலேயே பயன்படுத்திவிட்டார். 1930 பிப்ரவரி 18 அன்று அரிசோனாவில் உள்ள லோவெல் ஆய்வகத்தில் கிளைட் டாம்பா புளூட்டோவைக் கண்டுபிடித்தார். உலகுக்கு அறிவித்தது மார்ச் 13. லவ்கிராஃப்ட் இந்தக் கதையை எழுத உட்கார்ந்தது பிப்ரவரி 24. செய்தி வெளியே வராத அந்தச் சில வாரங்களில், ஒரு மனிதர் தொலைநோக்கி இல்லாமல் அதே இருட்டை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். நெப்டியூனுக்கு அப்பால் கிரகம் உண்டா என்று வானியலாளர்கள் தேட வேண்டும் என்று 1906-இல், பதினாறு வயது நிறையாதபோதே, 'சயின்டிஃபிக் அமெரிக்கன்' பத்திரிகைக்கு எழுதிய பையன் அவர். பின்னாளில் 2015-இல் நியூ ஹொரைசன்ஸ் விண்கலம் புளூட்டோவைக் கடந்தபோது, அங்கே தெரிந்த ஒரு பெரிய கரும்பகுதியை விஞ்ஞானிகள் அவருடைய இன்னொரு படைப்பான துலுவின் பெயரால் தங்களுக்குள் அழைத்தார்கள். அந்தப் பையனுக்கு இதைச் சொல்ல முடிந்திருந்தால் எப்படி மகிழ்ந்திருப்பான்!

வானத்தின் மேல் அவருக்கு இருந்த இந்த ஏக்கம் தெரியாவிட்டால் கதையின் பாதி பலம் தெரியாமல் போகும். காலம், வெளி, இயற்கை விதி என்ற தளைகள் ஒரு கணமாவது கழன்றுவிட்டதாகத் தோன்றச் செய்வதே தன் எழுத்தின் நோக்கம் என்று அவர் ஒரு கட்டுரையில் சொல்லியிருக்கிறார். இப்போது அந்த உயிர்கள் என்ன தருவதாகச் சொல்கின்றன என்று பாருங்கள். உடலைக் கழற்றி வைத்துவிட்டு, மூளையை மட்டும் ஓர் உலோக உருளையில் ஏந்தி, நட்சத்திரங்களுக்கு நடுவே கூட்டிச்செல்வோம் என்கின்றன. பார்க்க ஒரு கருவி, கேட்க ஒரு கருவி, பேச ஒரு கருவி. உருளையில் இருக்கும் ஒரு மனித மூளை வில்மார்த்திடம் பேசவும் செய்கிறது, இதுவரை 37 வான்கோள்களுக்குப் போய்வந்ததாகச் சொல்கிறது. லவ்கிராஃப்ட் வாழ்நாள் முழுவதும் விரும்பிய வரம் அது. அந்த வரத்தைக் கொண்டுவந்து கொடுப்பவர்களின் கையில் கத்தி இருப்பதாக எழுத எவ்வளவு நேர்மை வேண்டும்! அந்நியரைக் கண்டு அஞ்சுகிற கதையாக மட்டும் இதை வாசிப்பவர்கள் இந்த ஏக்கத்தைத் தவறவிடுகிறார்கள்.

ஆனால் அந்நியர் பயமும் கதையில் இருக்கிறது, அதை மூடிமறைப்பது சரியல்ல. லவ்கிராஃப்டின் இனவெறுப்பு அவருடைய கடிதங்களில் பச்சையாகக் கிடக்கிறது. வெர்மான்ட்டை நோக்கி ரயில் போகும்போது, வெளிநாட்டவரும் ஆலைப்புகையும் தீண்டாத பூர்வீக நியூ இங்கிலாந்து இது என்று வில்மார்த்தின் மனம் நிம்மதி கொள்கிறது. அந்த வெர்மான்ட்டில் அன்று நிஜமாக நடந்துகொண்டிருந்தது வேறு. 1925-இல் வெர்மான்ட் பல்கலைக்கழகத்தின் பேராசிரியர் ஹென்றி பெர்கின்ஸ் இனமேம்பாட்டு ஆய்வு ஒன்றைத் தொடங்கி, ஏழைகள், ஊனமுற்றோர், பிரெஞ்சு கனடியர், அபெனாகி பழங்குடியினர் ஆகியோரின் குடும்பங்களைத் தரக்குறைவானவை என்று பட்டியலிட வழிசெய்தார். 1931 மார்ச்சில் அங்கே கருத்தடை அறுவைச்சிகிச்சைச் சட்டம் வந்தது. அதே ஆண்டு ஆகஸ்டில் 'வியர்ட் டேல்ஸ்' இதழில் இந்தக் கதை வந்தது. ஒன்றிலிருந்து ஒன்று பிறந்தது என்று நான் சொல்லவில்லை. இரண்டும் ஒரே காற்றைச் சுவாசித்தவை. 2021-இல் அம்மாநிலச் சட்டமன்றம் அந்த இனமேம்பாட்டுக் கொள்கைகளுக்காக மன்னிப்புக் கேட்டது.

இதில் கதை தன் ஆசிரியரை மீறுகிற ஓர் இடம் உண்டு. ஒலித்தட்டில் கேட்கும் மனிதக் குரல் யாருடையது? பாஸ்டன் நகரத்துப் பண்பட்ட உச்சரிப்பு கொண்ட ஒரு கனவானுடையது. பிராட்டில்பரோ நிலையத்தில் வில்மார்த்தை வரவேற்றுக் காரில் கூட்டிச்செல்பவரும் நாகரிகமான நகரத்து மனிதர்தான், நாய்ஸ் என்று பெயர். அந்தக் குரலை எங்கோ கேட்டிருக்கிறோமே என்று வில்மார்த் தடுமாறுகிறார். லவ்கிராஃப்ட் பெருமையாக நினைத்த வர்க்கத்தின் குரல் அது. வாசலைத் திறந்துவிடுகிறவர்கள் அவர்கள்தான். மலையடிவார விவசாயிகளில் பெரும்பாலோரோ அந்த உயிர்களை விட்டு விலகியே வாழ்ந்தவர்கள்.

வீட்டில், இருட்டறையில், நாற்காலியில் ஏக்லி உட்கார்ந்திருக்கிறார். போர்வை போன்ற அங்கி, கழுத்தையும் தலையையும் சுற்றிய துணி, அசையாத முகம், மடியில் கைகள். ஆஸ்துமா என்று காரணம் சொல்லிக் கிசுகிசுப்பாகவே பேசுகிறார். கொடுத்த காபியில் ஏதோ காரமாக உறுத்த, வில்மார்த் குடிக்காமல் விடுகிறார். அது அவர் உயிரைக் காப்பாற்றுகிறது. நடுராத்திரியில் கீழே பல குரல்கள் பேசுவது கேட்கிறது. எல்லாம் அடங்கியபின் டார்ச்சோடு இறங்கிவருகிறார். நாற்காலியில் ஆள் இல்லை. அங்கி கிடக்கிறது. அதன் மேல் மூன்று பொருள்கள்: ஹென்றி ஏக்லியின் முகம், இரண்டு கைகள்.

அப்படியானால் அங்கே உட்கார்ந்து பேசியது யார்? அந்த நண்டு உயிர்களில் ஒன்று என்பார்கள் சிலர். நியார்லதோதெப் என்ற பெரும் சக்தியே என்பார்கள் வேறு சிலர். இரண்டாவது கட்சிக்கு ஆதாரம் ஒலித்தட்டில் இருக்கிறது. அவன் மனித வேடம் பூண்டு, மெழுகு முகமூடியும் மறைக்கும் அங்கியும் அணிந்து இறங்கிவருவான் என்று அந்த மந்திரத்திலேயே வருகிறது. அதைத் திரும்பத்திரும்பக் கேட்டு மனப்பாடமாக்கியவர் வில்மார்த். கதையின் முன்பாதியில் வைத்ததை லவ்கிராஃப்ட் வீணாக வைத்திருக்க மாட்டார் என்பதால் நானும் அந்தப் பக்கம்தான். இருந்தாலும் விமர்சகர்கள் இந்த நாற்காலியைச் சுற்றியே நின்றுவிடுவதில் எனக்கு வருத்தம். பார்க்க வேண்டிய மேசை அதே அறையில் இருக்கிறது.

அன்று மாலை நாற்காலியில் இருந்தவர் அலமாரியில் இருந்த உருளைகளைக் காட்டிப் பேசும்போது ஒன்றை மட்டும் தவிர்க்கச் சொன்னார். புதிதாகப் பளபளத்த உருளை. அதன் மேல் அவருடைய பெயரே இருந்தது. அதைக் கண்டுகொள்ளாதீர்கள் என்றார். தன்னைப் பிடித்துப்போய், பெயரளவில் மட்டும் உயிர் என்று சொல்லத்தக்க ஒரு நிலையில் வைக்கப் பார்க்கிறார்கள் என்று ஏக்லி கைப்பட எழுதிய கடைசிக் கடிதம் வில்மார்த்தின் பெட்டியிலேயே இருந்தது. கடிதத்தையும் உருளையையும் அவர் சேர்த்துப் பார்க்கவில்லை.

இரவில் அவர் டார்ச்சோடு அந்த அறைக்குள் நுழைந்தபோது முதலில் கண்ணில் பட்டது அந்த மேசைதான். மேசை மேல் அதே உருளை. பார்க்கும் கருவியும் கேட்கும் கருவியும் பொருத்தப்பட்டிருக்கின்றன. பேசும் கருவி பக்கத்திலேயே, இணைக்கப்படாமல் நிற்கிறது. என் டார்ச் வெளிச்சத்தையும் காலடியில் பலகை முனகுவதையும் அது இந்நேரம் அறிந்திருக்கும் என்று வில்மார்த்துக்கே தோன்றுகிறது. இணைத்துப் பேசவைக்கலாமா என்று ஒரு கணம் யோசிக்கிறார். தைரியம் வரவில்லை. வெளிச்சத்தை அதன்மேலிருந்து திருப்பி, நண்பர் தூங்குகிறாரா என்று பார்க்க மூலையிலிருந்த நாற்காலியின் பக்கம் காட்டுகிறார்.