36 வயதில் நீச்சல்: பெரியவர்கள் புதுசா எதையும் கற்க ஏன் இவ்வளவு தயங்குகிறோம்?

மகளை நீச்சல் வகுப்பில் சேர்க்கப் போயிருந்தேன். படிவம் எழுதிக்கொண்டிருந்தபோது, “நான் முங்கிட்டா நீ வந்து தூக்குவியாப்பா?” என்று கேட்டாள். “மாஸ்டர் தூக்குவாரும்மா” என்று சொல்லிச் சமாளித்தேன். வீடு வந்து சேரும்வரை அந்தப் பதில் உறுத்திக்கொண்டே இருந்தது. மறுநாள் எனக்கும் ஒரு படிவம் வாங்கினேன். வயது என்ற இடத்தில் 36 என்று எழுதும்போது கொஞ்சம் கூச்சமாகத்தான் இருந்தது.

ஊரில் வளர்ந்தவர்களுக்கு இது வேடிக்கையாகத் தெரியலாம். என் அப்பா எட்டு வயதிலேயே கிணற்றில் கற்றவர். முதுகில் காய்ந்த சுரைக்குடுக்கையைக் கட்டி, அவருடைய சித்தப்பா தள்ளிவிட்டாராம். சென்னையில் பிறந்த எனக்குக் கிணறும் இல்லை, தள்ளிவிட ஆளும் இல்லை.

முதல் வாரம் முழுக்க, குளத்தின் ஓரக் கம்பியைப் பிடித்துக்கொண்டு காலை அடிப்பதுதான் வேலை. பக்கத்தில் இரண்டாம் வகுப்புப் பையன். “அங்கிள், முட்டியை மடக்காதீங்க” என்றான். ஆபீஸில் எட்டுப் பேர் என்னிடம் ஒப்புதல் வாங்கிவிட்டுத்தான் எதையும் அனுப்புவார்கள். இங்கே நிலைமை இது!

வயசாயிட்டா மூளை பழகாதா?

நிறைய பேர் சொல்லும் காரணம் இது. 2004-ல் ‘நேச்சர்’ இதழில் ஜெர்மனி ஆய்வாளர்களின் கட்டுரை ஒன்று வந்தது. மூன்று பந்துகளை மாற்றி மாற்றித் தூக்கிப்போட்டுப் பிடிக்கும் வித்தையை இளைஞர்கள் சிலர் மூன்று மாதம் பழகினார்கள். பிறகு எடுத்த ஸ்கேனில், நகரும் பொருளைக் கவனிக்கும் மூளைப் பகுதி சற்றுப் பருத்திருந்தது. பயிற்சியை நிறுத்தியதும் அது குறைந்தது. 2008-ல் 60 வயதை ஒட்டியவர்களிடம் இதே சோதனையை நடத்தினார்கள். இளைஞர்கள் அளவுக்கு அவர்கள் தேறவில்லை. ஆனால், மூளையில் மாற்றம் அவர்களுக்கும் தெரிந்தது. ஆக, மெதுவாக வரும் என்பது நிஜம். வரவே வராது என்பது நாமாகச் சொல்லிக்கொள்வது.

என் அனுபவத்தில், உண்மையான தடை வேறு. நல்ல நீச்சல் எப்படி இருக்கும் என்று நமக்குத் தெரியும். நாம் செய்வது அப்படி இல்லை என்பதும் தெரியும். அந்த இரண்டாம் வகுப்புப் பையனுக்கு இந்தக் கவலையே கிடையாது. தண்ணீரைக் குடிப்பான், இருமுவான், சிரித்துக்கொண்டே மறுபடி குதிப்பான். நான் ஒவ்வொரு முறை இருமும்போதும் யாராவது பார்க்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தேன்.

மூச்சில்தான் இருக்கு விஷயம்

பத்து நாள் ஆகியும் நாலு வீச்சுக்கு மேல் போக முடியவில்லை. ஸ்டாமினா போதவில்லை என்று நினைத்தேன். மாஸ்டர் சிரித்தார். “நீங்க மூச்சை விடவே இல்ல சார்.”

புதிதாகக் கற்பவர்கள் தண்ணீருக்குள் மூச்சை இறுக்கிப் பிடித்துக்கொள்கிறோம். தலையைத் தூக்கும் அந்த ஒரு நொடியில் பழைய காற்றை வெளியேற்றி, புதிய காற்றையும் இழுக்கப் பார்க்கிறோம். நேரம் போதாது. உடம்பில் கார்பன் டை ஆக்ஸைடு சேரச் சேர, மூச்சு முட்டும் உணர்வு வருகிறது. பயந்துபோய்த் தலையை இன்னும் மேலே தூக்குவோம். தலை தூக்கினால் இடுப்பும் காலும் கீழே இறங்கும். அவ்வளவுதான், முங்கல்!

தீர்வு கேட்க எளிது. முகம் தண்ணீருக்குள் இருக்கும்போதே குமிழி குமிழியாக மூச்சை விட்டுவிட வேண்டும். தலையைத் தூக்காமல், பக்கவாட்டில் திருப்பிக் காற்றை இழுக்க வேண்டும். இது எனக்குப் பழக மூன்று வாரம் ஆனது. அந்த மூன்று வாரத்தில் என்னோடு சேர்ந்த பெரியவர்களில் பாதிப் பேர் வருவதை நிறுத்திவிட்டார்கள். அவர்கள் சோம்பேறிகள் இல்லை. ‘21 நாளில் பழக்கமாகிவிடும்’ என்று நம்பி வந்து, 22-ம் நாளும் தண்ணீர் குடித்தவர்கள். உண்மையில் லண்டனில் நடந்த ஓர் ஆய்வில், அன்றாடப் பழக்கம் ஒன்று இயல்பாக வர சராசரியாக 66 நாள் பிடித்தது. ஆளுக்கு ஆள் 18 நாளிலிருந்து 254 நாள் வரை போனது.

இன்னொன்று, முதல் நாளே பொருள் வாங்காதீர்கள். என் வீட்டுப் பரணில் ஒரு கிடார் கிடக்கிறது, அதைப் பற்றி இங்கே பேச வேண்டாம். நீச்சலுக்கு உடையும் கண்ணாடியும் போதும். ஆனால், உயிர்காப்பாளர் இருக்கும் குளத்தில்தான் பழக வேண்டும். நாலு வீச்சு வந்துவிட்டது என்று கடலிலோ ஏரியிலோ இறங்கிப் பார்க்கக் கூடாது.

நாலு மாதம் ஆகிறது. குளத்தின் அகலத்தை நிற்காமல் கடக்கிறேன், நீளம் இன்னும் பாக்கி. மகள் என்னை முந்திவிட்டாள். போன ஞாயிறு கரையில் உட்கார்ந்துகொண்டு கத்தினாள்: “அப்பா, முட்டியை மடக்காத!”