ஊரக வீடுகளில் செயற்கைக்கோள் இணையம்

செயற்கைக்கோள் இணையம் அல்லது செய்மதி இணையம் என்பது ஒளியிழையோ தொலைபேசிக் கம்பியோ செல்பேசிக் கோபுரமோ இன்றி, விண்வெளியில் உள்ள செயற்கைக்கோளின் வழியாக ஒரு வீட்டையோ நிறுவனத்தையோ இணையத்துடன் இணைக்கும் முறை ஆகும். தரைவழி இணைப்பு எட்டாத மலைச் சிற்றூர்கள், தீவுகள், தனித்த பண்ணை வீடுகள் ஆகியவற்றுக்கு இம்முறை ஏற்றது. இக்கட்டுரை திருச்சிராப்பள்ளி மாவட்டத்தை எடுத்துக்காட்டாகக் கொண்டு இதன் செயற்பாட்டையும் வரம்புகளையும் விளக்குகிறது.

தேவை

காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் இடைப்பட்ட தீவான திருவரங்கம், திருச்சிராப்பள்ளி மாநகராட்சியின் ஒரு பகுதி ஆகும். இங்கு ஒளியிழை, செல்பேசி ஆகிய இரு வழிகளிலும் இணையம் கிடைப்பதால் செயற்கைக்கோள் இணைப்புக்குப் பெரிய தேவை இல்லை. அதே மாவட்டத்தின் வடக்கில், துறையூர் வட்டத்தை ஒட்டியுள்ள பச்சைமலையின் நிலை வேறு. செல்பேசி அலைகள் பெரும்பாலும் நேர்கோட்டில் செல்வதால், கோபுரத்துக்கும் வீட்டுக்கும் இடையே ஒரு மலைமுகடு இருந்தாலே இணைப்பு நலிந்துவிடும். சில வீடுகளுக்காக மலைப்பாதையில் ஒளியிழை பதிப்பது செலவு மிகுந்தது. செயற்கைக்கோளுக்கு வானம் தெரிந்தால் போதும்; இடையில் உள்ள நிலத்தின் அமைப்பு ஒரு பொருட்டன்று.

வரலாறு

இந்தியாவில் வி-சாட் எனப்படும் சிறு முனையங்கள் வணிகத் தேவைகளுக்குப் பயன்பட்டன. 1994 இல் வணிகத்தைத் தொடங்கிய தேசியப் பங்குச் சந்தை, நாடெங்கும் உள்ள தரகர்களை வி-சாட் வழியாகவே இணைத்தது.

ஊர்ப்புறப் பயன்பாட்டில் தமிழ்நாட்டுக்குத் தனி இடம் உண்டு. இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனமும் சென்னையில் உள்ள எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் இணைந்து அமைத்த முதல் ஊரக வள மையங்கள் 2004 அக்டோபர் 18 அன்று தொடங்கி வைக்கப்பட்டன. இவை திருவையாறு, செம்பட்டி, தங்கச்சிமடம் ஆகிய ஊர்களில் அமைந்தன. இவற்றுள் திருவையாறு, திருச்சிராப்பள்ளிக்குக் கிழக்கே அதே காவிரிப் படுகையில் உள்ளது. தொலைமருத்துவம், தொலைக்கல்வி, வேளாண் ஆலோசனை ஆகியவை செயற்கைக்கோள் வழியாக வழங்கப்பட்டன. அக்காலத்தில் ஒரு முனையத்தின் விலை தனி வீட்டின் வருவாய்க்கு எட்டாததாக இருந்ததால், ஊருக்குப் பொதுவான மையம் என்ற வடிவமே பொருத்தமாக அமைந்தது.

2018 நவம்பர் 14 அன்று ஜிசாட்-29 சிறீஅரிக்கோட்டாவில் இருந்தும், 2018 டிசம்பர் 5 அன்று 5,854 கிலோகிராம் எடையுள்ள ஜிசாட்-11 பிரெஞ்சு கயானாவில் இருந்தும் ஏவப்பட்டன. இவை நாடு முழுவதையும் ஒரே கற்றையால் மூடாமல், பல சிறு கற்றைகளாகப் பிரித்து ஒரே அலைவரிசையை மீண்டும் மீண்டும் பயன்படுத்துகின்றன. இதனால் கொள்ளளவு பெருகுகிறது. இவற்றைக் கொண்டு 2022 செப்டம்பரில் உயர் கொள்ளளவு அகலப்பட்டைச் சேவை தொடங்கப்பட்டது.

செயல்படும் முறை

வீட்டுக் கூரையில் உள்ள அலைவாங்கி, மோடம், செயற்கைக்கோள், தரை நிலையம் ஆகியவை இதன் உறுப்புகள். பயனர் ஒரு பக்கத்தைக் கேட்டால், அக்கோரிக்கை அலைவாங்கியில் இருந்து செயற்கைக்கோளுக்குச் சென்று, அங்கிருந்து தரை நிலையத்துக்கு இறங்கி, இணையத்தை அடைகிறது. விடை இதே வழியில் திரும்புகிறது. செயற்கைக்கோள்கள் சுற்றும் உயரத்தைப் பொறுத்து இச்சேவை பெரும்பாலும் இரு வகைப்படும்.

புவிநிலைச் செயற்கைக்கோள்: நிலநடுக்கோட்டுக்கு மேல் 35,786 கி.மீ. உயரத்தில், புவி சுழலும் வேகத்துக்கு இணையாகச் சுற்றுவதால் வானில் ஒரே இடத்தில் நிற்பது போல் தோன்றும். எனவே அலைவாங்கியை ஒருமுறை திருப்பிப் பொருத்தினால் போதும்.

தாழ்வட்டச் செயற்கைக்கோள்: சில நூறு முதல் ஏறத்தாழ 1,200 கி.மீ. வரையான உயரத்தில் விரைந்து சுற்றும். ஒரு செயற்கைக்கோள் சில நிமிடங்களே கண்ணுக்கு எட்டும் என்பதால், நூற்றுக்கணக்கிலோ ஆயிரக்கணக்கிலோ செயற்கைக்கோள்கள் தேவை. ஏறத்தாழ 550 கி.மீ. உயரத்தில் உள்ள ஸ்டார்லிங்க், 1,200 கி.மீ. உயரத்தில் உள்ள ஒன்வெப் ஆகியவை இவ்வகையின. ஒன்வெப்பின் 72 செயற்கைக்கோள்கள் 2022 அக்டோபரிலும் 2023 மார்ச்சிலும் இந்திய ஏவூர்திகளால் செலுத்தப்பட்டன.

தாமதம்

திருச்சிராப்பள்ளியில் இருந்து, 74 பாகை கிழக்கு நெடுங்கோட்டில் உள்ள ஜிசாட்-11 இன் தொலைவு ஏறத்தாழ 35,940 கி.மீ. ஆகும். கோரிக்கை ஏறி இறங்க சுமார் 72,000 கி.மீ., விடை வர மீண்டும் அதே அளவு. ஒளியின் வேகத்தில் சென்றாலும் இதற்கு ஏறத்தாழ 480 மில்லி நொடி, அதாவது அரை நொடி ஆகிறது. கருவிகளை மேம்படுத்தி இதைக் குறைக்க இயலாது. தாழ்வட்ட முறையில் ஒட்டுமொத்தத் தாமதம் பொதுவாக 25 முதல் 60 மில்லி நொடிக்குள் அடங்கும்.

காணொளி பார்ப்பதற்கும் பாடக் கோப்புகளை இறக்குவதற்கும் அரை நொடித் தாமதம் தடையன்று. இருவழி உரையாடலில் அது உணரப்படும். மாணவர் கேள்வி கேட்கத் தொடங்கும்போது ஆசிரியர் அடுத்த சொற்றொடருக்குச் சென்றிருப்பார். மேலும், இணையத்தின் டி.சி.பி நெறிமுறை, அனுப்பிய தரவுக்கு ஒப்புகை பெற்றுப் படிப்படியாகவே வேகத்தைக் கூட்டும். ஒப்புகை தாமதமானால் வேகம் ஏறுவதும் தாமதமாகும். இதைத் தவிர்க்க, மோடமே பயனரின் கணினிக்கு உடனடியாக ஒப்புகை தரும் உத்தி பயன்படுகிறது. அலுவலகப் பணிக்கான வி.பி.என் இணைப்பில் தரவு மறையாக்கம் செய்யப்படுவதால் இவ்வுத்தி பயன்படுவதில்லை. வீட்டில் இருந்து பணியாற்றுவோர் புவிநிலை இணைப்பை மெதுவாக உணர்வதற்கு இது முதன்மையான காரணம்.

அலைவாங்கியை நிறுவுதல்

திருச்சிராப்பள்ளி ஏறத்தாழ 10.8 பாகை வட அகலக்கோட்டில், நிலநடுக்கோட்டுக்கு அருகில் உள்ளது. எனவே ஜிசாட்-11 இங்கு தெற்கில் இருந்து சற்று மேற்காக, சுமார் 76 பாகை ஏற்றக் கோணத்தில், ஏறக்குறைய தலைக்கு மேலேயே உள்ளது. அலைவாங்கியை விட 15 மீட்டர் உயர்ந்த தென்னை மரம், 4 மீட்டருக்கும் குறைவான தொலைவில், அதே திசையில் நின்றால் மட்டுமே மறைக்கும். ஏறத்தாழ 72 மீட்டர் உயரமுள்ள திருவரங்கம் இராசகோபுரமே ஆயினும், தரையில் 18 மீட்டர் தள்ளி வைத்த அலைவாங்கியை அது மறைக்காது.

தாழ்வட்ட முறையில் நிலை மாறுகிறது. செயற்கைக்கோள்கள் வானெங்கும் நகர்வதால், தொடுவானத்தில் இருந்து 25 பாகைக்கு மேல் வானம் திறந்திருக்க வேண்டும் எனக் கொண்டால், அதே தென்னை மரம் 32 மீட்டர் தொலைவு வரை இடையூறாகும். தோப்புக்கு நடுவில் உள்ள வீட்டில், வேகம் குறைந்த புவிநிலை இணைப்பு அறுபடாமல் இயங்க, வேகம் மிகுந்த தாழ்வட்ட இணைப்பு அடிக்கடி அறுபடக்கூடும்.

மழையும் வெயிலும்

கு பட்டையில் அலைநீளம் ஏறத்தாழ 2 முதல் 2.5 செ.மீ.; கா பட்டையில் 1 முதல் 1.5 செ.மீ. அலைநீளம் குறையக் குறைய மழைத்துளிகள் அலையை மிகுதியாக உட்கவர்ந்து சிதறடிக்கும். வடகிழக்குப் பருவமழையின் கனமழையிலும் கோடை இடிமழையிலும் வேகம் குறையும். சில வேளை இணைப்பே நின்றுவிடும். அலைகள் செங்குத்தாக வருவதால் மழையினூடே கடக்கும் தொலைவு குறைவு என்பது இங்குள்ள ஒரு நன்மை.

ஆண்டுக்கு இருமுறை, மார்ச் மாத நடுவிலும் செப்டம்பர் இறுதியிலும், நண்பகலுக்குச் சற்றுப் பின் சூரியன் புவிநிலைச் செயற்கைக்கோளுக்கு நேர் பின்னால் வரும். சூரியனின் ரேடியோ இரைச்சலால் சில நாள்களுக்கு, நாளொன்றுக்குச் சில நிமிடங்கள் இணைப்பு தடைபடும். இது பழுது அன்று.

மின்தேவை

தாழ்வட்ட முனையங்கள் வகைக்கேற்ப சுமார் 25 முதல் 100 வாட் வரை மின்சாரம் கொள்ளும். 75 வாட் முனையம் இடைவிடாது இயங்கினால் 60 நாள்களில் 108 அலகுகள் ஆகும். தமிழ்நாட்டில் 2016 இல் வீடுகளுக்கு அறிவிக்கப்பட்ட, இரு மாதங்களுக்கு 100 அலகுகள் என்ற கட்டணமில்லா மின்சாரத்தை விட இது அதிகம். எனவே பயன்படுத்தாத வேளையில் நிறுத்தி வைப்பது நன்று. மின்வெட்டு உள்ள ஊர்களில் மின்கலத்தின் செலவையும் கணக்கிட வேண்டும். கூரையில் உள்ள உலோகத் தூணை நிலத்துடன் இணைப்பது இடிமின்னலின் பாதிப்பைக் குறைக்க உதவும்.

சட்ட நிலை

இந்தியாவில் உரிமம் பெற்ற நிறுவனத்தின் இணைப்பையே பயன்படுத்த இயலும். வெளிநாட்டில் வாங்கிய முனையத்தைக் கொண்டுவந்து இயக்குவது சட்டப்படி குற்றம். ஸ்டார்லிங்க் உரிமம் பெறாமலேயே முன்பதிவு செய்ததால், அதில் சேர வேண்டாம் எனத் தொலைத்தொடர்புத் துறை 2021 நவம்பரில் பொதுமக்களை அறிவுறுத்தியது. பின்னர் முன்பணம் திருப்பித் தரப்பட்டது. அந்நிறுவனம் 2025 சூனில் உரிமம் பெற்றது. 2023 ஆம் ஆண்டின் தொலைத்தொடர்புச் சட்டம், செயற்கைக்கோள் சேவைக்கான அலைக்கற்றையை ஏலமின்றி ஒதுக்க வழிவகுத்தது.

பிற வழிகளுடன் ஒப்பீடு

ஒளியிழை கிடைக்கும் இடத்தில் அதுவே விலை, வேகம், தாமதம் ஆகிய மூன்றிலும் சிறந்தது. பாரத்நெட் திட்டத்தின் கீழ்த் தமிழ்நாட்டின் 12,525 ஊராட்சிகளையும் ஒளியிழையால் இணைக்கும் பணி தமிழ்நாடு கண்ணாடி இழை வலையமைப்பு நிறுவனத்திடம் ஒப்படைக்கப்பட்டது. எனினும் ஊராட்சி அலுவலகம் வரை வரும் இழை, பல கி.மீ. தள்ளியுள்ள குக்கிராமத்தை எட்டிவிட்டதாகக் கொள்ள முடியாது. இடையில் மலையோ காடோ இல்லையெனில், கூரையில் திசை அலைவாங்கி பொருத்தி அருகிலுள்ள செல்பேசிக் கோபுரத்தைப் பிடிப்பது குறைந்த செலவில் முடியும். இவ்விரண்டும் இயலாத வீட்டுக்கே செயற்கைக்கோள் இணையம் உரியது. தனி வீட்டால் செலவைத் தாங்க முடியாத ஊர்களில், பள்ளி அல்லது நூலகத்தில் ஒரே முனையத்தை நிறுவுவது திருவையாற்று மையம் காட்டிய வழியாகும்.